நார்மல் என்றால் என்ன?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



சென்ற பருவத்தில் உலோகவியல் செய்முறைத் தேர்வின் வைவாவில் என்னிடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு கேள்விதான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, நார்மலைசிங் என்றால் என்ன?" என்றார்.

"இரும்பை நார்மல் ஆக்குறது சார்."

"நார்மல்னா?"

"சாதாரணமா ஆக்குறது சார்."

"ஓஹோ. அதுக்கு முன்னாடி அது என்ன, காய்ச்சல்ல கிடந்துச்சா?"

கதவருகே முறைக்காக நின்றிருந்த நம் பையன்கள் சிரித்த சிரிப்பு கேன்டீன் வரை கேட்டிருக்கும். பத்துக்கு மூன்று மதிப்பெண். அந்தக் கோபத்தில்தான் இந்தச் சொல்லைத் துரத்த ஆரம்பித்தேன். துரத்தத் துரத்த அது ஃபவுண்டரியில் நிற்கிறது, கம்ப்யூட்டர் லேபில் நிற்கிறது, அக்காவின் தேர்வு முடிவில் நிற்கிறது, செய்தித்தாளில் நிற்கிறது. கடைசியில் இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்திலும் வந்து நின்றது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பிறந்த ஊர். லத்தீனில் 'நோர்மா' என்றால் தச்சர் கையில் வைத்திருக்கும் மூலைமட்டம். முதலாம் ஆண்டில் கார்பென்ட்ரி ஷாப்பில் நாமும் அதைப் பிடித்திருக்கிறோம். மரத்துண்டில் வைத்துப் பார்த்து, வெளிச்சம் தெரிந்தால் "இன்னும் சீவு" என்பார்களே, அதேதான். மூலைமட்டத்துக்குச் சரியாக நிற்பது நார்மல். கணக்குப் பாடத்தில் வளைகோட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் கோட்டை நார்மல் என்று எழுதுகிறோமே, ஏன் என்று யாராவது கேட்டோமா? நான் கேட்டதில்லை. அது இந்தத் தச்சர் சொல்தான். வெள்ளைக்காரர் காலத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு 'நார்மல் ஸ்கூல்' என்று பெயர். அதாவது மற்ற பள்ளிகளுக்கெல்லாம் மூலைமட்டம். 'வழக்கமான', 'சாதாரணமான' என்ற பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அழுத்தமாக வந்து உட்கார்ந்தது.

ஆக, இந்தச் சொல்லுக்குள் இரண்டு ஆள் குடியிருக்கிறார்கள். ஒருவர், 'எப்படி இருக்க வேண்டுமோ அப்படி' என்பவர். இன்னொருவர், 'எல்லாரும் எப்படி இருக்கிறார்களோ அப்படி' என்பவர். இருவருக்கும் ஒரே முகவரி என்பதால் தபால் அடிக்கடி மாறிப்போகிறது.

நிற்க. நான் கோட்டைவிட்ட கேள்விக்கு இப்போதாவது ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் வைவாவுக்குப் போகும் தம்பிகளுக்கு உதவும்.

எஃகைப் பழுக்கக் காய்ச்சி ஃபோர்ஜிங் செய்கிறோம் அல்லது வார்க்கிறோம். அவ்வளவு சூட்டில் இருந்து வந்த எஃகின் உள்ளே மணிகள் பெரிதாக வளர்ந்திருக்கும். சீனி இருக்க வேண்டிய இடத்தில் கற்கண்டு கிடப்பதுபோல. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. மெல்லிய பகுதி சீக்கிரம் ஆறியிருக்கும், தடித்த பகுதி மெதுவாக ஆறியிருக்கும். ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் தகைவு தங்கியிருக்கும். வெளியே பார்த்தால் பளிச்சென்று இருக்கும் பீஸ், மெஷினில் ஏற்றி ஒரு பக்கம் சீவியதும் வளைந்துகொள்ளும். (தேர்வாளர் கேட்டது சரிதான். அதற்குக் காய்ச்சல்தான்!)

அந்த எஃகை மறுபடி உலையில் வைத்து, மேல் மாறுநிலை வெப்பநிலைக்கு மேலே சுமார் 30 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை ஏற்ற வேண்டும். நடுத்தரக் கார்பன் எஃகுக்கு இது ஏறத்தாழ 850 டிகிரியை ஒட்டி வரும். அங்கே பழைய ஃபெரைட்டும் பெர்லைட்டும் மறைந்து, புதிதாகச் சிறு சிறு ஆஸ்டெனைட் மணிகள் பிறக்கின்றன. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது உலைக்காரர்களின் பழைய கைக்கணக்கு. அந்த நேரம் வரை ஊறவிட்டு, வெளியே எடுத்து, அசையாத காற்றில் ஆறவிட வேண்டும். தண்ணீர் கூடாது, எண்ணெய் கூடாது, ஃபேனும் போடக் கூடாது. ஆறிய பிறகு உள்ளே நுண்ணிய, சீரான பெர்லைட் கிடைக்கும்.

'அப்படியானால் அனீலிங்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?' இதுதான் அடுத்த கேள்வியாக வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அனீலிங்கில் பீஸை வெளியே எடுப்பதில்லை. உலையை அணைத்துவிட்டு, உள்ளேயே ராத்திரி முழுக்க ஆறவிடுகிறோம். மெதுவாக ஆறுவதால் மணி பருத்து, எஃகு மென்மையாகும். நார்மலைசிங்கில் கொஞ்சம் வேகமாக ஆறுவதால் அதைவிடச் சற்றுக் கடினமும் வலிமையும் கூடும். முதலாளிக்கும் லாபம், ஏனென்றால் உலை சும்மா கிடப்பதில்லை. அடுத்த லோடை ஏற்றிவிடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. காற்றில் ஆறும் வேகம் பீஸின் தடிமனைப் பொறுத்தது. சில உலோகக் கலவை எஃகுகள் வெறும் காற்றிலேயே கடினமாகிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் என்று போனால் டிரில் பிட் உடையும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நார்மலைஸ் ஆன எஃகு, தான் பட்ட அடியையும் பட்ட சூட்டையும் மறந்துவிடுகிறது. எந்தச் சம்மட்டியிலிருந்து வந்தாலும் ஒரே நிலையில் நிற்கும். இனிமேல் செய்யப்போகும் வேலைக்கு அது ஒரு நம்பகமான தொடக்கம்.

அடுத்து கம்ப்யூட்டர் பிரிவு நண்பன். "எங்களுக்கும் நார்மலைசேஷன் இருக்குடா, உலையெல்லாம் வேணாம்" என்று ஆரம்பித்தான். ஆறு மாதத்துக்கு முன்பு என்றால் நான் எழுந்து போயிருப்பேன். அவன் எடுத்துக்கொண்ட உதாரணம் நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு.

அந்த நோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உறுப்பினர் பெயர், பதிவு எண், துறை, துறைத் தலைவர் பெயர், செல்பேசி எண் என்று ஒவ்வொரு வரியிலும் வரிசையாக இருக்கும். எங்கள் துறைத் தலைவர் மாறுதலாகிப் போனதும் செயலாளர் உட்கார்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட வரிகளில் அடித்து எழுதினார். பாதியில் டீ குடிக்கப் போனார். விளைவு, நோட்டின்படி எங்கள் துறைக்கு இரண்டு தலைவர்கள். விளையாட்டு விழா அழைப்பிதழ் ஊரைவிட்டுப் போனவர் பெயருக்கு அச்சாகிவிட்டது. இன்னொரு கூத்து: புதிதாகத் தொடங்கிய பிரிவிலிருந்து யாரும் இன்னும் சங்கத்தில் சேராததால், அந்தப் பிரிவின் தலைவர் பெயரை எழுத நோட்டில் இடமே இல்லை. ஒரு பிரிவிலிருந்து ஒரே ஒரு உறுப்பினர் இருந்து, அவரும் விலகி, அந்த வரியை அடித்தால் துறைத் தலைவரும் சேர்ந்து காணாமல் போவார்.

நோய் எங்கே? துறைத் தலைவர் என்பது மாணவரைப் பற்றிய செய்தி அல்ல, துறையைப் பற்றிய செய்தி. அதை மாணவர் வரியில் எழுதியதுதான் தப்பு. மாணவருக்கு ஒரு அட்டவணை, துறைக்கு ஒரு அட்டவணை என்று பிரித்து, மாணவர் வரியில் துறையின் பெயரை மட்டும் வைத்தால், தலைவர் மாறும்போது ஒரே ஒரு இடத்தில் திருத்தினால் போதும். ஒரு கட்டத்துக்குள் இரண்டு செல்பேசி எண்ணைத் திணிக்காதே என்பது முதல் படி. பதிவு எண்ணும் போட்டியின் பெயரும் சேர்ந்துதான் ஒரு வரியை அடையாளம் காட்டுகிறது என்றால், பதிவு எண்ணை மட்டும் சார்ந்த விவரத்தை அங்கே வைக்காதே என்பது இரண்டாம் படி. துறைத் தலைவர் கதை மூன்றாம் படி. இதற்கு மேலும் படிகள் உண்டு. நண்பன் சொன்னான், எனக்குத் தலை சுற்றியது.

இதை வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த எட்கர் கோட். 1970-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில்தான் இந்தச் சொல் தரவுத்தளத்துக்குள் வந்தது. பின்னாளில் ஒரு பேட்டியில், அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுடன் உறவை 'நார்மலைஸ்' செய்வதாகப் பேச்சு அடிபட்டதால், உறவுகளை அவர் செய்யலாம் என்றால் நானும் செய்யலாமே என்று நினைத்தேன் என்ற பொருளில் சொன்னார். தரவுத்தளத்திலும் அட்டவணைக்கு 'உறவு' என்றுதானே பெயர்! ஆனால் நிக்சன் சீனாவுக்குப் போனது 1972 பிப்ரவரியில். கட்டுரை வந்தது அதற்கு முன்னால். தேதி கொஞ்சம் இடிக்கிறது. நல்ல நகைச்சுவை என்பதால் விட்டுவிடலாம்.

கணக்கில் இது ஒரு நிமிட வேலை. 3, 4 என்ற கூறுகள் கொண்ட வெக்டாரின் நீளம் 5. இரண்டையும் 5-ஆல் வகுத்தால் 0.6, 0.8. நீளம் 1 ஆகிவிட்டது, திசை மாறவில்லை. நார்மலைஸ் செய்தாயிற்று.

தமிழ் எழுத்துக்கும் இது உண்டு என்பது எனக்கே புதுச் செய்தி. கம்ப்யூட்டரில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க' பக்கத்தில் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாக வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ஒரு விதத்தில் தேடினால் இன்னொரு விதத்தில் ஏற்றிய 'கோபால்' கிடைக்க மாட்டார். யூனிகோடு முறையில் இரண்டையும் ஒன்றாக்கும் வேலைக்கும் நார்மலைசேஷன் என்றே பெயர். ஆனால் 'ஔ' என்ற எழுத்துக்குப் பதிலாக 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' அடித்து வைக்கிறோமே, அதை இந்த முறை காப்பாற்றாது. அது நம்ம தப்பு.

இனி மதிப்பெண். இது வீட்டுக்குள் சண்டை வந்த விஷயம்.

நம் மாநிலத்தில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. அதை நீக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. வேறு வாரியத்தில் படித்தவர்களின் மதிப்பெண்ணை மாநில வாரியத்தோடு எப்படி ஒப்பிடுவது? மாநில வாரியத்தில் இயற்பியலில் முதல் மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்தில் முதல் மதிப்பெண் 90 என்றால், அந்த 90-ஐ 100-க்குச் சமமாக வைத்துக்கொள். அந்த வாரியத்தில் 60 வாங்கியவருக்கு 66.66. படிக்க எளிது. ஆனால் கவனியுங்கள், ஒட்டுமொத்த வாரியமும் அதன் முதல் மாணவர் ஒருவரின் தோளில் தொங்குகிறது. அவர் அன்று ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தால் எல்லாருக்கும் மதிப்பெண் ஏறும்!

என் அக்கா எழுதியது வேறு வகை. லட்சக்கணக்கானவர்கள் எழுதும் கம்ப்யூட்டர் தேர்வு. எல்லாரையும் ஒரே நாளில் உட்கார வைக்க முடியாது. அதனால் பல ஷிப்ட், ஒவ்வொன்றுக்கும் வேறு வினாத்தாள். அக்காவுக்கு 71. வேறு ஷிப்டில் எழுதிய அவள் தோழிக்கு 68. நார்மலைசேஷன் முடிந்து வந்த பட்டியலில் தோழி மேலே, அக்கா கீழே. மூன்று நாள் சாப்பிடவில்லை. "நான் போட்ட விடையை எவன்டா குறைச்சான்?" என்று என்னைக் கேட்டாள், நான்தான் குறைத்ததுபோல.

நான் படித்துப் புரிந்துகொண்டதை அவளிடம் சொன்னேன். வினாத்தாள் சுலபமாக இருந்த ஷிப்டில் 71 என்பது நடுவில் இருக்கலாம். கடினமான ஷிப்டில் 68 என்பது உச்சியில் இருக்கலாம். அதனால் மதிப்பெண்ணைப் பார்க்காமல், உன் ஷிப்டில் நூற்றுக்கு எத்தனை பேர் உன் அளவுக்கோ உனக்குக் கீழேயோ இருக்கிறார்கள் என்று பார்ப்பது ஒரு முறை. 2019 முதல் ஜே.இ.இ. மெயின் தேர்வில் இந்தப் பெர்சென்டைல் முறைதான். ஒவ்வொரு ஷிப்டிலும் ஆள்கள் ஏராளமாக இருந்து, யாருக்கு எந்த ஷிப்ட் என்பது குலுக்கிப் போட்டதுபோல் அமைந்தால், இந்த முறை நியாயம்தான். ஒரு ஷிப்டில் மட்டும் கெட்டிக்காரர்கள் அதிகம் விழுந்துவிட்டால் நியாயம் இல்லை. அங்கே எழுதியவர் பக்கத்து நாற்காலிக்காரருக்காக அபராதம் கட்டுகிறார். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்துப் பிரயாக்ராஜில் தேர்வர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தது இதற்காகத்தான். அரசுப் பணித் தேர்வாணையம் தன் முதல்நிலைத் தேர்வை ஒரே நாளில் நடத்த ஒப்புக்கொண்டது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கணக்கு சரியா இருக்கலாம். அதை முன்னாடியே விளக்கமா சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

அரசியலில் இந்தச் சொல் போட்ட ஆட்டத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1968-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் டூப்செக் என்ற தலைவர் பத்திரிகைத் தணிக்கையை நீக்கி, கொஞ்சம் காற்றை உள்ளே விட்டார். ஆகஸ்ட் 20 இரவு சோவியத் தலைமையிலான டாங்கிகள் நாட்டுக்குள் நுழைந்தன. 1969 ஏப்ரலில் டூப்செக் போய் ஹுசாக் வந்தார். அதன்பின் நடந்ததற்கு ஆட்சியாளர்களே வைத்த பெயர் 'நார்மலைசேஷன்'. லட்சக்கணக்கானவர்கள் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பேராசிரியர்கள் பாய்லருக்குக் கரி தள்ளினார்கள். நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் 1974-ல் ஒரு பீர் ஆலையில் பீப்பாய் உருட்டினார். 1989 வரை இதுதான் அங்கே 'நார்மல்'. எஃகை நார்மலைஸ் செய்தால் அது பழசை மறக்கும் என்று பாராட்டினேன் அல்லவா? மனிதர்களை அப்படிச் செய்யப் பார்த்த கதை இது. அவர்கள் மறக்கவில்லை. அதே ஹாவெல் 1989 டிசம்பரில் அந்த நாட்டின் அதிபரானார்.

இப்போது ஓ-ரிங். ஹைட்ராலிக்ஸ் லேபில் நாம் விரலில் மோதிரமாகப் போட்டு விளையாடும் அதே ரப்பர் வளையம். அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தைத் தூக்கிய திட எரிபொருள் ராக்கெட்டுகளின் இணைப்புகளில் பெரிய சைஸில் இருந்தது. சூடான வாயு அந்த வளையத்தைத் தொடவே கூடாது என்பதுதான் வடிவமைப்பு. ஆனால் 1981-ல் இரண்டாவது பயணம் முடிந்து பிரித்துப் பார்த்தபோதே ஒரு வளையம் அரிக்கப்பட்டிருந்தது. கலம் பத்திரமாகத் திரும்பிவிட்டதே! 'இவ்வளவு அரிப்பு தாங்கும்' என்று கணக்குப் போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். மறுபடி அரிப்பு, மறுபடி பத்திரம். 1985 ஜனவரியில் ஒரு குளிர்நாளில் போன பயணத்தில் முதல் வளையத்தைத் தாண்டிக் கரி வந்திருந்தது. அதுவும் கணக்கில் சேர்ந்தது. 1986 ஜனவரி 27 இரவு, நாளைக்குக் குளிர் மிக அதிகம், ரப்பர் விறைத்துவிடும், ஏவ வேண்டாம் என்று ராக்கெட் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசியில் வாதாடினார்கள். ரோஜர் பாய்ஸ்ஜோலி அவர்களில் ஒருவர். எடுபடவில்லை. மறுநாள் ஏவிய 73-ஆவது விநாடியில் கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள்.

சமூகவியலாளர் டயான் வாகன் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்து 1996-ல் ஒரு புத்தகம் எழுதினார். அங்கே யாரும் வேண்டுமென்று விதியை மீறிய வில்லன் இல்லை. பிறழ்வே கொஞ்சம் கொஞ்சமாக நார்மலைஸ் ஆகிவிட்டது என்பது அவர் கண்டது. அதாவது, முன்னே சொன்ன இரண்டு குடித்தனக்காரர்களில் 'எப்படி இருக்க வேண்டும்' என்பவரைச் சத்தமில்லாமல் காலி செய்துவிட்டு, 'எப்படி இருக்கிறது' என்பவர் மொத்த வீட்டையும் எடுத்துக்கொண்டார். 2003-ல் கொலம்பியா விண்கலத்திலும் அதே கதை. அங்கே ரப்பருக்குப் பதில் நுரைத்துண்டு.

இதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. காரணம் சொல்கிறேன்.

விடுமுறையில் நான் டிரெயினிங் போன தொழிற்சாலையில் பிரஸ் ஷாப். பவர் பிரஸ்ஸை ஓட்ட இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் டைக்குள் இருக்காது அல்லவா, அதற்காக. முதல் நாள் பார்த்தேன், இடது பட்டனில் ஒரு மரச் சக்கை அடித்து வைத்திருந்தது. ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, இன்னொரு கையால் பீஸ் வைத்தார்கள். "அண்ணே, இது எதுக்கு?" என்றேன். "நார்மலா இப்படித்தான் தம்பி ஓட்டுவோம். இல்லேன்னா கணக்கு வராது" என்றார் அந்த அண்ணன். ஒப்பந்தத் தொழிலாளி, பீஸ் கணக்கில்தான் கூலி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மதியம் தன் டிபன் பாக்ஸிலிருந்து எனக்கு ஊறுகாய் வைப்பார்.

மூன்றாம் நாள் அந்தச் சக்கை என் கண்ணில் படவில்லை. பத்தாம் நாள் அது கழன்று விழுந்தபோது நானே எடுத்து, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டித் திரும்ப வைத்தேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை, இரண்டாம் ஷிப்ட் முடிகிற நேரம், அந்த அண்ணனின் இடது கையில் இரண்டு விரல் நுனி போயிற்று. நான் நாலு மெஷின் தள்ளி நின்றிருந்தேன். முதலில் சத்தமே வரவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து மெஷின்காரர்தான் கத்தினார்.

புதன்கிழமை எல்லா மெஷினிலும் சக்கையைப் பிடுங்கினார்கள். பாதுகாப்புப் பற்றி அரை மணி நேரம் கூட்டம் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள். வியாழக்கிழமை உற்பத்தி குறைந்தது என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். சனிக்கிழமை காலை நான் போனபோது ஓரமாக இருந்த மெஷினில் ஒரு சக்கை திரும்ப வந்திருந்தது. புதுச் சக்கை, தேக்கு மரம். நன்றாகச் சீவி, அளவாகச் செய்திருந்தார்கள்.

அன்று நான் அதைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். யார் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை இன்னொன்று இருந்தது. அதையும் எடுத்தேன். புதன்கிழமையோடு என் டிரெயினிங் முடிந்தது. இரண்டு சக்கையும் இப்போது ஹாஸ்டலில் என் மேஜை மேல்தான் கிடக்கின்றன. மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், நாலு பக்கமும் அச்சு அசலாக நார்மல்.